குதிரைத் தீவனத்தில் வைட்டமின்களும் நுண்தாதுக்களும்

500 கிலோகிராம் எடையுள்ள ஒரு குதிரை நாளொன்றுக்கு ஏறத்தாழ 10 கிலோகிராம் உலர்ந்த தீவனத்தை உட்கொள்ளும். அத்துணைத் தீவனத்தினுள் அதற்கு வேண்டிய செலினியம் என்னும் தாதுவின் அளவு 1 மில்லிகிராம் மட்டுமே. 1 கிராம் செலினியம் இருப்பின், அஃது அக்குதிரைக்கு ஏறத்தாழ மூன்று ஆண்டுகட்குப் போதுமானதாகும். இச்சிறிய அளவு கிட்டாவிடில் தசைகள் நலிகின்றன. இதனினும் பன்மடங்கு மிகுதியாகக் கிட்டின் குளம்பு கழலவும், உயிர் நீங்கவும் நேரிடும்.

2009 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 19 ஆம் நாளன்று அமெரிக்க ஐக்கிய நாடுகளின் ஃப்ளோரிடா மாநிலத்தில், வெலிங்டன் என்னும் ஊரில் போலோ ஆட்டம் ஒன்று நடைபெறவிருந்தது. அதில் கலந்துகொள்ள வந்திருந்த வெனிஸூலா நாட்டுக் குழுவொன்றின் குதிரைகள் ஆட்டம் தொடங்குமுன்னரே தள்ளாடி வீழலாயின. அக்குழுவின் 21 குதிரைகள் மாண்டன. களைப்பு நீங்கும்பொருட்டு அவற்றிற்கு ஊசிமூலம் ஏற்றப்பட்ட வைட்டமின், தாதுக் கலவையில் செலினியத்தின் அளவு பிழைபட்டுப் பெருகியிருந்ததே காரணம் என்பது பின்னர் ஆராய்ச்சியால் வெளிப்பட்டது. நலம் கருதி அளிக்கப்பட்ட சத்தே நஞ்சாக மாறிற்று.

வைட்டமின்களையும் நுண்தாதுக்களையும் பற்றி அறிய விரும்புவோர் முதற்கண் மனத்திற் கொள்ள வேண்டிய உண்மை இதுவே. இவை இன்றியமையாதவை, ஆயினும், மிகுதியாக அளித்தால் மிகுந்த நலம் விளையும் என்னும் கணக்கு இவற்றிற்குப் பொருந்தாது. குதிரை நாள்தோறும் உண்ணும் தீவனத்தில் எச்சத்து உள்ளது, எச்சத்து இல்லை என்பதை ஆராய்ந்து, குறைந்ததை மட்டும் குறைந்த அளவிற்கு நிறைவு செய்தலே முறையாகும். அவ்வாறு ஆராய்வதற்கு வேண்டிய செய்திகள் இக்கட்டுரையில் தொகுத்துக் கூறப்படுகின்றன.

நம் நாட்டுக் குதிரைகளின் நிலை

2012 ஆம் ஆண்டின் கால்நடைக் கணக்கெடுப்பில் இந்தியாவில் 6.25 இலட்சமாக இருந்த குதிரைகள், மட்டக் குதிரைகளின் எண்ணிக்கை, 2019 ஆம் ஆண்டின் கணக்கெடுப்பில் 3.42 இலட்சமாகக் குறைந்துவிட்டது. கோவேறு கழுதைகளும் கழுதைகளும் இதனினும் விரைவாகக் குறைந்துள்ளன. எஞ்சியிருப்பனவற்றுள் பந்தயக் குதிரைகளும் படைக் குதிரைகளும் சிறு பகுதியே. வட மாநிலங்களின் செங்கற் சூளைகளில் பச்சைச் செங்கல் சுமப்பனவும், இமயமலைப் பாதைகளில் யாத்திரிகரையும் மூட்டைகளையும் ஏற்றிச் செல்வனவும், வண்டி இழுப்பனவுமே பெரும்பகுதியாகும். ஏழைக் குடும்பம் ஒன்றின் அன்றாட ஊதியம் அவ்விலங்கின் நான்கு கால்களையே நம்பி நிற்கின்றது. விலங்கு நொண்டுமாயின் அன்று அடுப்பும் எரிவதில்லை.

இவ்வுழைக்கும் விலங்குகட்குக் கிடைக்கும் உணவு யாது? கோதுமைத் தாள், கோதுமைத் தவிடு, சிறிது கடலை அல்லது வாற்கோதுமை ஆகியனவே பல இடங்களில் ஆண்டு முழுவதும் தரப்படுகின்றன. தமிழகத்தில் கொள்ளு குதிரைக்குரிய தானியமாக நெடுங்காலமாக அறியப்பட்டுள்ளது. உழைப்பிற்கு வேண்டிய ஆற்றலையும் ஓரளவு புரதத்தையும் இவை அளிக்க வல்லன. ஆனால் பசும்புல் இவ்வுணவில் இடம்பெறுவதில்லை. இப்பட்டியலிலுள்ள பெருங்குறை அதுவேயாகும்.

குதிரையின் ஜீரண அமைப்பு

மாடு அசை போடும் பிராணி. அதன் இரைப்பை நான்கு அறைகளையுடையது. குதிரையின் இரைப்பையோ ஒற்றை அறையுடையது. உடலின் அளவை நோக்க மிகச் சிறியது. நார்ப்பொருள் மிகுந்த தீவனத்தைச் சிதைக்கும் வேலை குதிரையின் உடலில் சிறுகுடலைக் கடந்தபின், குருட்டுக்குடலிலும் பெருங்குடலிலும் நிகழ்கின்றது. அங்கே கோடானுகோடி நுண்ணுயிர்கள் வாழ்ந்து புல்லை நொதிக்கச் செய்கின்றன.

இந்நுண்ணுயிர்கள் நார்ப்பொருளைச் சிதைப்பதோடு நில்லாமல், பி பிரிவைச் சேர்ந்த வைட்டமின்களையும் வைட்டமின் கே என்பதையும் ஆக்கித் தருகின்றன. வைட்டமின் சி என்பதைக் குதிரை தன் கல்லீரலிலேயே குளுகோஸிலிருந்து செய்துகொள்ளும். மனிதனுக்கும் குரங்கிற்கும் இல்லாத ஆற்றல் இது. ஆகவே, மனிதனுக்கு எச்சத்து உணவில் வேண்டுமோ அச்சத்து அனைத்தும் குதிரைக்கும் உணவில் வேண்டும் என்று கொள்ளுதல் பிழை. நல்ல உடல்நிலையும் போதிய புல்லும் உடைய குதிரைக்கு வெளியிலிருந்து கட்டாயம் வந்தாக வேண்டியவை வைட்டமின் ஏ அல்லது அதன் மூலப்பொருளான கரோட்டீன், வைட்டமின் ஈ, சில நுண்தாதுக்கள் ஆகியனவே.

வைட்டமின் ஏ

500 கிலோகிராம் எடையுள்ள, வேலை செய்யாத குதிரைக்கு நாள்தோறும் 15,000 சர்வதேச அலகு வைட்டமின் ஏ வேண்டும் என அமெரிக்க தேசிய ஆராய்ச்சிக் கழகம் 2007 இல் வெளியிட்ட குதிரை உணவுத் தேவை அறிக்கை கூறுகின்றது. தாவரங்களில் வைட்டமின் ஏ அவ்வுருவில் இல்லை. கரோட்டீன் என்னும் மஞ்சள் நிறப் பொருளாகவே உள்ளது. 1 மில்லிகிராம் கரோட்டீனிலிருந்து குதிரையின் உடல் ஏறத்தாழ 400 அலகு வைட்டமின் ஏ செய்துகொள்ளும். எனவே நாளொன்றுக்குச் சுமார் 38 மில்லிகிராம் கரோட்டீன் போதும். இளம் பசும்புல், குதிரைமசால் போன்ற தீவனங்களில் மூன்று நான்கு கிலோகிராம் அளித்தாலே இத்தேவை பெரும்பாலும் நிறைவேறிவிடும்.

புல்லை வெட்டிக் காய வைக்கும்பொழுது வெயிலாலும் காற்றாலும் கரோட்டீன் அழிகின்றது. சேமித்து வைக்குங்கால் மேலும் அழிந்துகொண்டே செல்கின்றது. உலர்புல்லின் பச்சை நிறம் மங்கி வெளிறுதல் இவ்வழிவின் அடையாளம். கோதுமைத் தாளிலோ கரோட்டீன் இல்லை என்றே கூறலாம்.

பசும்புல் மிகுந்த பருவத்தில் குதிரை இவ்வைட்டமினைக் கல்லீரலில் சேமித்து வைக்கும். இச்சேமிப்பு மூன்று முதல் ஆறு மாதங்கட்குத் தாங்கும். ஆதலின் மழைக்காலத்தில் நன்கு மேய்ந்த குதிரைக்குக் கோடையின் முதற்பகுதியில் குறைபாடு தோன்றுவதில்லை. ஆண்டு முழுவதும் சூளையில் கட்டப்பட்டிருக்கும் கோவேறு கழுதைக்கே அபாயம் மிகுதி. மங்கலான ஒளியில் பார்வை குன்றுதல், கண்களில் நீர் வடிதல், ரோமம் பொலிவிழத்தல் ஆகியன குறைபாட்டின் அறிகுறிகள். அந்தி நேரத்தில் பழகிய பாதையிலும் விலங்கு தடுமாறுமாயின், அதனைச் சோம்பல் என்று கருதிச் சாட்டையால் அடிப்பது கொடுமை. கண்ணையும் தீவனத்தையும் ஆராய வேண்டும்.

வைட்டமின் ஈ

இவ்வைட்டமின் நரம்பையும் தசையையும் சிதைவினின்று காப்பது. நாளொன்றுக்கு 500 கிலோகிராம் எடைக்கு 500 அலகு வேண்டும். கடுமையாக உழைக்கும் விலங்கிற்கு இதனினும் மிகுதியாக வேண்டும். இதுவும் பசும்புல்லில் நிறைந்திருந்து, உலர்த்தும்பொழுதும் சேமிக்கும்பொழுதும் பெரிதும் குறைந்துவிடுகின்றது. தீவனத்தில் எண்ணெய் சேர்ப்போர், எண்ணெய் மிகுதியாகுந்தோறும் வைட்டமின் ஈ தேவையும் மிகுதியாகும் என்பதை நினைவிற் கொள்ள வேண்டும்.

1990 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர் புதியதொரு குதிரை நோயை விவரித்தனர். நோயுற்ற குதிரை நன்றாக உண்ணும். ஆயினும் இளைத்துக்கொண்டே வரும். தோளும் தொடையும் நடுங்கும். நான்கு கால்களையும் வயிற்றின்கீழ் ஒன்றாக ஒடுக்கிக்கொண்டு, தலையைத் தாழ்த்தி நிற்கும்; நிற்க இயலாது அடிக்கடி படுத்துக்கொள்ளும். தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் மடிந்துபோவதே இதன் காரணம். இந்நோய்க்கு இரையான குதிரைகள் பெரும்பாலும் ஓராண்டிற்கு மேலாகப் பசும்புல்லையே காணாமல் வளர்ந்தவை என்பதும், அவற்றின் இரத்தத்தில் வைட்டமின் ஈ மிகக் குறைந்திருந்தது என்பதும் தெரியவந்தன. மடிந்த நரம்பணு மீண்டும் உயிர் பெறுவதில்லை. ஆகவே இந்நோயில் தடுப்பதே சிறந்த சிகிச்சை.

உண்டும் இளைக்கும் விலங்கைக் காணின் குடற்புழு உண்டா, பல் தேய்ந்துள்ளதா என்று பார்ப்பது நம் வழக்கம். அது நன்று. அத்துடன், அவ்விலங்கு கடைசியாகப் பசும்புல் தின்றது எப்பொழுது என்ற வினாவையும் கேட்டறிதல் வேண்டும்.

வைட்டமின் டி, கே

தோலின்மீது சூரிய ஒளி படுங்கால் வைட்டமின் டி உடலிலேயே உண்டாகின்றது. நம் நாட்டில் திறந்த வெளியில் உழைக்கும் குதிரைக்கு இதனைத் தனியே அளிக்க வேண்டிய தேவை பெரும்பாலும் இல்லை. மாறாக, அளவு மீறி அளித்தால் இரத்தக் குழாய், இருதயம், சிறுநீரகம் ஆகியவற்றில் சுண்ணாம்பு படிந்து அவை இறுகிப்போகும். வைட்டமின் ஏ மிகுதியானாலும் எலும்பு நலியும். வலிவூட்டும் என்று கருதி மீன் ஈரல் எண்ணெயைக் கணக்கின்றி ஊற்றுவோர் இவ்விரு கேட்டையும் ஒருங்கே அழைப்பவராவர்.

வைட்டமின் கே பசும் இலைகளிலும் குடல் நுண்ணுயிர்களாலும் போதிய அளவு கிடைக்கின்றது. மெனடையோன் எனப்படும் செயற்கை வைட்டமின் கே ஊசியால் குதிரைகளின் சிறுநீரகம் பழுதுற்றது 1980-களில் கண்டறியப்பட்டது. ஆகவே அவ்வூசியைக் குதிரைக்குப் போடலாகாது.

பி பிரிவு வைட்டமின்கள்

இவற்றை நுண்ணுயிர்கள் ஆக்கித் தருவதால் குறைபாடு அரிது. இதற்கு விலக்காக அமைவது தயமின் எனப்படும் பி1 ஆகும். பிராக்கன் என்னும் பெரணிச் செடியில் தயமினை அழிக்கும் நொதி ஒன்று உள்ளது. நாட்கணக்கில் இச்செடியைத் தின்ற குதிரை பசி குன்றி, நடை தள்ளாடி, இறுதியில் வலிப்புற்று வீழும். இமயமலைச் சரிவுகளில் இப்பெரணி வளர்கின்றது. மேய்ச்சல் குறைந்த காலத்திலும், வெட்டிய புல்லுடன் பெரணி கலந்து வருங்காலும் மலைப் பகுதிகளில் பணியாற்றுவோர் விழிப்புடன் இருத்தல் வேண்டும். உரிய காலத்தில் கால்நடை மருத்துவர் தயமின் ஊசி போடின் விலங்கு பிழைக்கும்.

பயோட்டின் என்னும் மற்றொரு பி வைட்டமின் குளம்பின் உறுதிக்கு உதவுவது. வியன்னா நகரிலுள்ள ஸ்பானியக் குதிரைப் பயிற்சிப் பள்ளியின் லிப்பிஸானர் குதிரைகட்கு நாள்தோறும் 20 மில்லிகிராம் பயோட்டின் அளித்து ஆராய்ந்ததில், நலிந்த குளம்புகள் சீர்பட்டன. ஆனால் அப்பயன் தென்படுவதற்கு ஒன்பது மாதங்கள் ஆயின. குளம்பு மயிர்க்கோட்டினின்று கீழ்நோக்கி மெல்ல வளர்வதாகலின், புதிய குளம்பு தரையை எட்ட ஓராண்டு வரையிற் செல்லும். ஒரு வாரத்தில் குளம்பு கெட்டிப்படும் என்று கூறி விற்கப்படும் பொருளை நம்ப வேண்டியதில்லை.

நுண்தாதுக்கள்

500 கிலோகிராம் எடையுள்ள குதிரைக்கு நாளொன்றுக்கு இரும்பு 400, துத்தநாகம் 400, மாங்கனீஸ் 400, செம்பு 100, அயோடின் 3.5, செலினியம் 1, கோபால்ட் 0.5 மில்லிகிராம் தேவையென மேற்கூறிய 2007 ஆம் ஆண்டு அறிக்கை வகுத்துள்ளது. இவற்றைப் புல் மண்ணிலிருந்து பெறுகின்றது. குதிரை புல்லிலிருந்து பெறுகின்றது. ஆகவே மண்ணின் குறை குதிரையின் குறையாகவும், மண்ணின் மிகுதி குதிரையின் மிகுதியாகவும் வந்து முடிகின்றன.

செம்பும் துத்தநாகமும்: வளரும் குட்டியின் எலும்பும் குருத்தெலும்பும் செவ்வனே அமைவதற்குச் செம்பு வேண்டும். கருவுற்ற பெண்குதிரையின் உடலிலிருந்தே குட்டி தன் கல்லீரலில் செம்பைச் சேமித்துக்கொண்டு பிறக்கின்றது. ஏனெனில் தாய்ப்பாலில் செம்பு குறைவு. எனவே குட்டிக்குச் செய்ய வேண்டிய உதவி, சூலின் கடைசி மாதங்களில் தாய்க்குச் செய்யும் உதவியாகும். துத்தநாகம் தோலுக்கும் குளம்பிற்கும் இன்றியமையாதது. நம் நாட்டு மண்ணில் மிகப் பரவலாகக் குறைந்துள்ள நுண்சத்து இதுவே. தவிட்டிலுள்ள பைட்டேட் என்னும் பொருள் துத்தநாகத்தைப் பற்றிக்கொண்டு, உடலிற் சேராவண்ணம் தடுப்பதும் உண்டு. இனி, துத்தநாகம் அளவு மீறினால் செம்பு உடலிற் சேர்வது தடைப்படும். துத்தநாக உருக்காலைகளின் அருகே மேய்ந்த குட்டிகள் மூட்டு வீங்கி நொண்டியாயின என்பது அமெரிக்காவில் கண்ட உண்மை. ஒரு தாதுவைத் தனித்துப் பெருக்கினால் மற்றொன்று குன்றும் என்பதற்கு இது தக்க சான்று.

அயோடின்: இமயமலை அடிவாரப் பகுதிகளின் மண்ணில் அயோடின் குறைவு. 1956 இல் காங்ரா பள்ளத்தாக்கில் தொடங்கிய ஆராய்ச்சி, அயோடின் சேர்த்த உப்பினால் மக்களின் கழுத்துக் கழலையைக் குறைக்கலாம் என்று நிலைநாட்டிற்று. அங்கு விளையும் புல்லைத் தின்னும் விலங்கிற்கும் இக்குறை உண்டு. இதில் வியப்பூட்டும் செய்தி யாதெனில், அயோடின் மிகுந்தாலும் கழலையே தோன்றும் என்பதாகும். உலர்த்திய கடற்பாசியை மிகுதியாக உண்ட பெண்குதிரைகள் ஈன்ற குட்டிகள் கழலையுடன் பிறந்துள்ளன. கழலையைக் கண்டவுடன் அயோடின் கொடுப்பது எப்பொழுதும் சரியன்று. முன்பே கொடுக்கப்பட்டது எவ்வளவு என்பதையும் விசாரித்தல் வேண்டும்.

இரும்பு: களைத்த குதிரைக்கு இரும்புச் சத்து மருந்து கொடுக்கும் வழக்கம் பரவியுள்ளது. உண்மையில் புல்லிலும் உலர்தீவனத்திலும் இரும்பு வேண்டிய அளவிற்கு மேலாகவே உள்ளது. குதிரையின் சோகைக்குக் குடற்புழு, இரத்த இழப்பு, நாட்பட்ட நோய் ஆகியனவே பெரும்பாலும் காரணம். மிகுந்த இரும்பை வெளியேற்றும் வழி உடலில் இல்லாமையால் அது கல்லீரலில் தங்குகின்றது. பிறந்த குட்டிகட்கு வாய்வழியே அளிக்கப்பட்ட இரும்பு கலந்த பொருளொன்றால் குட்டிகள் கல்லீரல் பழுதுற்று மாண்டமை 1980-களில் அமெரிக்காவில் பதிவாயிற்று.

கோபால்ட்: குடல் நுண்ணுயிர்கள் வைட்டமின் பி12 செய்வதற்கு இது வேண்டும். எனினும் தேவை மிகச் சிறிது. கோபால்ட் குறைந்த மேய்ச்சல் நிலங்களில் ஆடுமாடுகள் மெலிந்து மடிந்தபோதும், அதே நிலத்தில் மேய்ந்த குதிரைகள் நலமாகவே இருந்தன.

செலினியத்தின் இரு முகங்கள்

1817 இல் ஸ்வீடன் நாட்டு இரசாயன அறிஞர் பெர்ஸேலியஸ் இத்தாதுவைக் கண்டறிந்தார். 1856 இல் அமெரிக்காவில் மிஸௌரி ஆற்றங்கரையிலிருந்த ராண்டால் கோட்டையின் படைக் குதிரைகட்குப் பிடரி மயிரும் வால் மயிரும் உதிர்ந்தன. குளம்பு வெடித்துக் கழன்றது. கோட்டையின் மருத்துவர் மாடிஸன் இதனை விவரித்து எழுதினார். அப்பகுதி மண்ணிலிருந்தும் செடிகளிலிருந்தும் வந்த செலினியமே அக்கேட்டின் காரணம் என்பது 1930-களிலேதான் விளங்கிற்று. இங்ஙனம் நஞ்சென அறியப்பட்ட அப்பொருளே உயிர் வாழ்வதற்கும் இன்றியமையாதது என்று 1957 இல் ஷ்வார்ஸ், ஃபோல்ட்ஸ் ஆகிய இருவரும் மெய்ப்பித்தனர். செலினியம் குறைந்த நிலப்பகுதிகளில் பிறக்கும் குட்டிகள் தசை வெளிறி, பால் குடிக்கவும் எழுந்து நிற்கவும் இயலாது நலிவதுண்டு.

நம் நாட்டில் பஞ்சாப் மாநிலத்தின் ஹோஷியார்பூர், நவான்ஷஹர் (இந்நாளில் ஷஹீத் பகத் சிங் நகர்) மாவட்டங்களின் சில பகுதிகளில் மண்ணில் செலினியம் மிகுந்துள்ளது. அங்கு விளைந்த தீவனத்தை உண்ட கால்நடைகளிடம் ரோமம் உதிர்தலும் குளம்பு வெடித்தலும் காணப்பட்டுள்ளன. இத்தகைய இடத்தில் செலினியம் சேர்ந்த கலவையை விலங்கிற்கு மேலும் அளிப்பது தீங்காகும். அங்குள்ளோர் வேற்றிடத்துத் தீவனத்தைக் கலந்து கொடுப்பதே தக்க வழி. ஓர் ஊருக்கு மருந்தாவது மற்றோர் ஊருக்கு நஞ்சாகலாம் என்பதைக் களப்பணியாளர் மறவாதிருக்க வேண்டும்.

தவிடு பற்றி ஓர் எச்சரிக்கை

சுண்ணாம்புச் சத்தும் பாஸ்பரஸும் நுண்தாதுக்களைச் சேர்ந்தவை அல்ல, மிகுதியாக வேண்டப்படுவன. எனினும், தாதுக் கலவை வாங்க எண்ணும் முன்னர் இவ்விரண்டின் பொருத்தத்தைக் காணாவிடில் பயன் விளையாது. தீவனத்தில் சுண்ணாம்புச் சத்து பாஸ்பரஸுக்குச் சமமாகவோ அதற்கு மேலாகவோ இருத்தல் வேண்டும். கோதுமைத் தவிட்டிலோ பாஸ்பரஸ் பன்மடங்கு மிகுதி. நெடுநாள் தவிட்டையே பெரும்பகுதியாக உண்ணும் குதிரை, தன் எலும்பிலுள்ள சுண்ணாம்பைக் கரைத்து இரத்தத்திற்குத் தருகின்றது. அதனால் முகத்தின் எலும்பு பருத்து, நடை தடைப்பட்டு, நொண்டல் உண்டாகின்றது. மாவு ஆலைகளின் தவிட்டையே உண்டு வளர்ந்த குதிரைகளிடம் இந்நோய் முற்காலத்தில் மிகுந்து காணப்பட்டமையால், ஆங்கில நாட்டார் இதனை ஆலைக்காரர் நோய் என்றே வழங்கினர். தவிட்டைக் குறைத்துக் குதிரைமசாலைச் சேர்ப்பின் சுண்ணாம்பும் கரோட்டீனும் ஒருங்கே கிட்டும்.

களப்பணியாளர் செய்யத்தக்கவை

முதலாவது, விலங்கின் எடையை மதிப்பிடுக. நூல்நாடா ஒன்றே இதற்குப் போதும். முன்னங்கால்களின் பின்புறமாக மார்பின் சுற்றளவைச் சென்டிமீட்டரில் அளந்து, அதனை அதனாலேயே பெருக்குக. தோள் முனையிலிருந்து புட்டத்தின் முனை வரையுள்ள நீளத்தால் மீண்டும் பெருக்கி, 11,880 ஆல் வகுக்க எடை கிலோகிராமில் கிட்டும். சுற்றளவு 145, நீளம் 140 சென்டிமீட்டர் உள்ள மட்டக் குதிரையின் எடை ஏறத்தாழ 248 கிலோகிராம் ஆகும். 500 கிலோகிராம் குதிரைக்கென வகுக்கப்பட்ட கலவையை இதற்கு முழுமையாகக் கொடுத்தால், இரு மடங்கு கொடுத்ததாகிவிடும்.

இரண்டாவது, ஒரு நாளில் உண்ணும் பொருள் ஒவ்வொன்றையும் எழுதுக. தாள் எத்துணை, தவிடு எத்துணை, பசுமை எத்துணை, கடையில் வாங்கிய கலவை யாது என்பனவெல்லாம் ஒரே தாளில் இடம்பெற வேண்டும். தீவனக் கலவை, வலிவூட்டும் பொடி, குளம்புக்கான மருந்து ஆகிய மூன்றிலும் 1 மில்லிகிராம் செலினியம் இருப்பின், மேற்கூறிய மட்டக் குதிரை தனக்கு வேண்டிய அரை மில்லிகிராமைப் போல் ஆறு மடங்கு பெறுகின்றது. இஃது உடனே கொல்லாது. எனினும் தீவனத்திலும் செலினியம் மிகுந்திருக்குமாயின், தீங்கின் எல்லையை நோக்கி விலங்கைத் தள்ளும்.

மூன்றாவது, பசுமைக்கு வழி செய்க. நாள்தோறும் நான்கு கிலோகிராம் பசும்புல், பெர்சீம் அல்லது குதிரைமசால் கிடைப்பின் அது விலையுயர்ந்த பல பொடிகளினும் மேலானது. பழக்கமற்ற விலங்கிற்கு ஒரு கைப்பிடியில் தொடங்கிப் பத்துப் பன்னிரண்டு நாட்களில் படிப்படியாகக் கூட்டுக. திடீரென மிகுதியாகக் கொடுத்தால் வயிற்றுவலி உண்டாகும். பசுமை கிடைக்காத இடத்தில், நிழலில் உலர்த்திய, நிறம் மாறாத, பூஞ்சணம் பிடிக்காத புல்லைத் தேர்ந்து வாங்குமாறு கூறுக.

நான்காவது, உப்பு. நாளொன்றுக்கு 25 முதல் 30 கிராம் உப்பு 500 கிலோகிராம் குதிரைக்கு வேண்டும். வியர்வை சிந்தி உழைக்கும் நாளில் இதனினும் மிகுதியாக வேண்டும். அயோடின் சேர்த்த உப்பே நன்று. ஆயினும் அவ்வுப்பில் கிலோகிராமுக்கு 15 மில்லிகிராம் அயோடின் இருப்பின், 30 கிராம் உப்பினால் கிட்டுவது அரை மில்லிகிராமுக்கும் குறைவே. எஞ்சிய அயோடின் தீவனத்திலிருந்து வரவேண்டும்.

ஐந்தாவது, கோழிக்கும் மாட்டிற்கும் உரிய கலப்புத் தீவனத்தைக் குதிரைக்குக் கொடுக்கலாகாது. கோழிகளின் இரத்தக் கழிச்சல் நோயைத் தடுக்கும்பொருட்டு அதில் சேர்க்கப்படும் மொனென்சின் என்னும் மருந்து, கோழிக்குத் தீங்கு செய்யாத அளவிலேயே குதிரையின் இருதயத்தைத் தாக்கிக் கொன்றுவிடும். விலை மலிவு என்று கருதிச் செய்த சிக்கனம் விலங்கையே இழக்கச் செய்யும்.

ஆறாவது, செலினியம், இரும்பு, வைட்டமின் டி ஆகியவற்றை ஊசிமூலம் செலுத்துவது கால்நடை மருத்துவரின் பொறுப்பு. உரிமையாளரோ களப்பணியாளரோ அதனை மேற்கொள்ளலாகாது. ஐயம் நேரின் இரத்தத்தையும் தீவனத்தையும் பரிசோதிக்கச் செய்க. ஹரியானா மாநிலத்தின் ஹிஸார் நகரில் இயங்கும் தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையம் இத்துறைக்கென்றே அமைந்தது.

பள்ளி ஆசிரியர்கட்கு

மேற்கூறிய எடைக் கணக்கு, பெருக்கலும் வகுத்தலும் பயிலும் மாணவர்கட்கு நல்லதொரு பயிற்சியாகும். ஊரிலுள்ள மட்டக் குதிரையையோ கழுதையையோ அளந்து காணச் செய்யலாம். ஆயினும் இச்சூத்திரம் குதிரைக்கே உரியதாகலின், கழுதையின் எடை ஏறக்குறையவே கிட்டும் என்று கூறுதல் வேண்டும்.

மற்றொரு சோதனையும் எளிது. ஒரே இடத்தில் அறுத்த புல்லை மூன்று பங்காக்குக. ஒன்றைப் பச்சையாகவே அன்று காட்டுக. ஒன்றை நிழலில் உலர்த்துக. மூன்றாவதைத் திறந்த வெயிலில் ஒரு வாரம் போட்டு வைக்க. நிழலில் உலர்ந்தது பெரிதும் பச்சையாகவே இருப்பதையும், வெயிலில் கிடந்தது வெளிறிப்போவதையும் மாணவர் கண்கூடாகக் காண்பர். மூன்றும் வயிற்றை நிரப்பும். ஆயினும் மூன்றும் ஒரே உணவல்ல என்பதை அவர்கள் தாமே கூறுமாறு செய்தல் நன்று. வைட்டமின் என்னும் சொல் காஸிமிர் ஃபங்க் என்பவரால் 1912 இல் ஆக்கப்பட்டது என்னும் செய்தியை அதன்பின் கூறினால், அச்சொல் அவர்கட்கு வெறும் சொல்லாக இராது.

முடிவுரை

குதிரைக்கு வேண்டிய வைட்டமின்களும் நுண்தாதுக்களும் புதியனவாகக் கடையில் பிறந்தவை அல்ல. மண்ணிலிருந்து புல்லிற்கும், புல்லிலிருந்து விலங்கிற்கும், வெயிலிலிருந்து தோலிற்கும், நுண்ணுயிரிலிருந்து குடலிற்கும் அவை இடையறாது வந்துகொண்டே இருக்கின்றன. அவ்வரத்து எங்கே தடைப்பட்டுள்ளது என்று கண்டறிவதே நம் பணி. தடைப்பட்ட இடத்தை மட்டும் சீர்செய்வோமாயின், சிறிய செலவில் விலங்கு நலம் பெறும். கண்டறியாமல் அள்ளிக் கொடுப்போமாயின், பெருஞ்செல்வர் வளர்த்த 21 குதிரைகட்கு நேர்ந்தது, ஒற்றைக் கோவேறு கழுதையை நம்பி வாழும் குடும்பத்திற்கும் நேரக்கூடும். அவர்கட்கு இரண்டாவது விலங்கு இல்லை என்பதை மனத்திற் கொண்டு பணியாற்றுவோமாக.